கவாத்தும் கொழுந்தும்

வேதபகுதி: 2 பேதுரு 1:1-11, யோவான் 15:1-8



நம் ஆண்டவருடைய இளமைக் காலத்தைப் பற்றி மற்றச் சுவிசேஷகர்கள் சொல்லாத ஒன்றை லூக்கா இரண்டு முறை சொல்கிறார். குழந்தையாயிருந்தபோது இயேசு வளர்ந்தார் (2:40). பன்னிரண்டு வயதுக்குப் பின்பும் ஞானத்திலும் உடலிலும், தேவனுக்கு முன்பாகவும் மனிதருக்கு முன்பாகவும் வளர்ந்துகொண்டே வந்தார் (2:52). இவ்விரண்டு வசனங்களுக்கும் நடுவே நடந்தது என்ன? தேவாலயத்தில் போதகர்களின் நடுவே அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறார், வினாக்களை எழுப்புகிறார். பிறகு நாசரேத்துக்குத் திரும்பி, தச்சன் வீட்டில் பெற்றோருக்குக் கீழ்ப்பட்டிருக்கிறார். கேட்பதும், வினவுவதும், கீழ்ப்படிவதும் அவருடைய வளர்ச்சிக்குள் அடங்கியிருந்தன. பாவமறியாத தேவகுமாரனே இவ்வழியாய் வளர்ந்தாரென்றால், "நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன், இனி எனக்கென்ன?" என்று நாம் உட்கார்ந்துவிடுவது எப்படி?

நம்மில் அநேகர் மறுபிறப்பின் தேதியைச் சரியாகச் சொல்லுவோம். அதன்பின் எந்த ஆண்டில் எதில் வளர்ந்தோம் என்று கேட்டால் பதில் வராது. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் ஆசிரியர் இதே குறையைத்தான் தம் வாசகரிடம் காண்கிறார். அவர்கள் விசுவாசத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இதற்குள் பிறருக்குப் போதிக்கிறவர்களாய் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் இன்னும் பால் குடிக்கும் நிலையிலேயே இருக்கிறார்கள் என்று வருந்துகிறார் (5:12-14). காலம் கடந்தது, வளர்ச்சி வரவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதே இம்மாதப் பாடம்.

தேயிலைச் செடி சொல்வது

இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம் பகுதிகளின் மலைச்சரிவுகளைக் கண்டவர்கள், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற அந்தத் தேயிலைத் தோட்டங்களை மறக்க மாட்டார்கள். அங்கே மூன்று நான்கு தலைமுறைகளாகக் கொழுந்து பறித்து வருகிறவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்களே. தேயிலை இயற்கையில் செடி அல்ல, மரம். வெட்டாமல் விட்டுவிட்டால் முப்பது அடிக்கு மேலும் உயரும், பூக்கும், காய்க்கும். செழிப்பாகத்தான் நிற்கும். ஆனால் பறிக்கிறவளுடைய கைக்கு அதன் கொழுந்து எட்டாது. பராமரிப்பின்றிக் கைவிடப்பட்ட தோட்டங்கள் இப்படித்தான் காடாகிப்போகின்றன. செடி சாகவில்லை, வளரவும் செய்கிறது. ஆயினும் நட்டவனுக்கு அதனால் பயன் இல்லை.

அதனால்தான் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலையைக் கவாத்து வெட்டுகிறார்கள். இலையும் கிளையும் போய், கட்டைகள் மட்டும் வரிசையாய் நிற்கும் காட்சி, முதன்முறை காண்கிறவருக்குத் தோட்டமே தீப்பட்டுப்போனதுபோல் தோன்றும். சில மாதங்களுக்கு அதிலிருந்து ஒரு கிலோ கொழுந்தும் வராது. பின்பு தளிர்கள் எழும்பும்போது அவற்றை ஒரே மட்டத்தில் கிள்ளி, பக்கவாட்டில் பரவச் செய்வார்கள். மேசைபோல் பரந்த அந்த மட்டத்திலிருந்துதான், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து எடுக்கப்படுகிறது.

இதில் வெளியே தெரியாத ஒரு காரியம் உண்டு. கவாத்து வெட்டின செடிக்கு இலை கிடையாது. இலை இல்லாமல் அது தனக்கு உணவு தயாரிக்க முடியாது. பின் எதைக் கொண்டு துளிர்க்கிறது? வேரில் முன்னமே சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைக் கொண்டுதான். ஆகையால் அனுபவமுள்ள தோட்டக்காரர்கள், வெட்டுவதற்கு முன் செடிக்கு ஓய்வு கொடுப்பார்கள். சிறிது காலம் பறிக்காமல் விட்டு, வேரில் சத்து சேரட்டும் என்று காத்திருப்பார்கள். வேரைச் சிறிது வெட்டியெடுத்து, அயோடின் தடவி, மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. சத்தில்லாத செடியைக் கவாத்து செய்தால் அது பட்டுப்போகும்.

யோவான் 15-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் திராட்சச் செடியைக் கொண்டு இதையே போதிக்கிறார். கனி கொடுக்கிற கொடியைத்தான் தோட்டக்காரர் சுத்தம்பண்ணுகிறார். அது இன்னும் மிகுதியாய்க் கனி கொடுக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதோடு, தம்மில் நிலைத்திருக்க வேண்டுமென்ற வார்த்தையை அந்தச் சில வசனங்களுக்குள் எத்தனை முறை திரும்பச் சொல்கிறார் என்று எண்ணிப்பாருங்கள். வேரில் சத்து சேராமல் கிளையில் கத்தி வைக்கலாகாது. புத்தாண்டு இரவில் உணர்ச்சிவசப்பட்டு ஐந்தாறு பொருத்தனைகளைச் செய்து, பிப்ரவரிக்குள் சோர்ந்துபோகிற விசுவாசிகளிடம் தீர்மானத்துக்குக் குறைவில்லை. தீர்மானத்துக்கு முன் வேர் நிரம்புவதற்கு அவர்கள் நேரம் கொடுக்கவில்லை.

இந்த உவமையைத் தவறாகப் பிரயோகிக்கிறவர்களும் நம்மிடையே உண்டு என்பதால் ஒரு வார்த்தை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாற்றுக்கு அப்பால் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டனர், அவர்களில் மிகுதியானோர் தமிழர், குழந்தைகளும் இருந்தனர். அப்படிப்பட்ட துயரத்தில் இருப்பவரிடம் போய், "தேவன் உங்களைக் கவாத்து செய்கிறார்" என்று சொல்ல நமக்கு எந்த அதிகாரமும் இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, இறந்தவர்களைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல ஆண்டவர் மறுத்துவிட்டார்; கேட்டவர்களின் கவனத்தை அவரவர் வாழ்க்கையின் பக்கமே திருப்பினார் (லூக்கா 13:4, 5). லாசருவின் கல்லறையருகே அவர் அழுதார். யோவான் 15-ஐ நம்முடைய கிளைகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். அயலானுடைய இழப்புக்கு அதை விளக்கமாக்க வேண்டாம்.

எல்லையில் உள்ள ஒரு கண்ணி

இனி, நம் ஊழியர்கள் நேராகச் சந்திக்கிற ஒரு காரியத்துக்கு வருவோம். வாளையாறு, மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காட்டுக்குள்ளும், போடிமெட்டு, குமுளி, சின்னாறு வழியாக இடுக்கிக்குள்ளும் போகிற தமிழ் ஊழியருக்கு ஒரு வசதி உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும், தேவிகுளம், பீருமேடு பக்கத்திலும் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். மலையாளமும் தமிழுக்கு உடன்பிறப்பு. ஒரு மாதத்தில் கடைவீதியில் பேசலாம். ஆறு மாதத்தில் ஒருவாறு ஜெபிக்கலாம். வடநாட்டுக்குப் போகிற ஊழியர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இவருக்கு அந்தப் பாடு இல்லை.

அந்த வசதியே கண்ணியாகிவிடுகிறது. ஆறு மாதத்தில் எட்டின இடத்திலேயே ஆறு ஆண்டுகள் நின்றுவிடுகிறோம். புரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தமிழில் வெள்ளம் என்றால் பெருக்கு. மலையாளத்தில் அது குடிக்கிற தண்ணீர். நமக்கு அவசரம் என்றால் விரைவு. அவர்களுக்கு அது வாய்ப்பு. நாம் சம்சாரம் என்றால் மனைவியை, குடும்பத்தை நினைக்கிறோம். அவர்கள் பேச்சை நினைக்கிறார்கள். கேட்கிறவர்கள் மரியாதையுள்ளவர்களாகையால் சிரித்துத் தலையசைத்துவிடுவார்கள். பிரசங்கித்தவர், செய்தி போய்ச் சேர்ந்தது என்று ஸ்தோத்திரம் பண்ணிக்கொண்டு வீடு திரும்புவார்.

அட்டப்பாடிக்குப் போனால் காரியம் இன்னும் நுட்பமானது. அங்குள்ள இருளர், முடுகர், குறும்பர் ஆகியோருக்கும், இடுக்கி மலைகளின் குடிகளில் வாழும் முதுவருக்கும் வீட்டில் வழங்கும் பேச்சு தனி. நம்மிடம் தமிழிலோ மலையாளத்திலோ அவர்கள் பேசுவது நம்முடைய வசதிக்காக. தாய் தன் குழந்தையைத் தாலாட்டும் பேச்சு வேறு. அதைக் கேட்காமலே பத்தாண்டு ஊழியம் செய்துவிட முடியும் என்பதை நினைக்கையில் பயமாயிருக்கிறது.

இந்தக் கண்ணிக்குத் தப்பின ஒருவரை நினைவுகூருவது தகும். ஹெர்மன் குண்டர்ட் 1814-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தவர். 1836-ல் இந்தியாவுக்கு வந்தார். வரும்போதே கப்பலில் இந்திய மொழிகளைப் படிக்கத் தொடங்கியிருந்தார். இங்கே வந்தபின் அவர் கற்றது நம் தமிழ். திருநெல்வேலியிலும், பின்பு சித்தூரிலும் (பாலக்காட்டுச் சித்தூர் அல்ல, அன்றைய வட ஆர்க்காட்டுச் சித்தூர்) ஊழியம் செய்தார். பாசெல் மிஷனில் சேர்ந்து, 1839-ல் தலச்சேரியை அடுத்த இல்லிக்குன்றில் குடியேறியபோது, தமிழறிந்த அவருக்கு மலையாளம் எளிதாயிருந்திருக்கும். நம்மைப்போல் அவரும் அத்தோடு நின்றிருக்கலாம்.

அவர் நிற்கவில்லை. பண்டிதரிடமும் கற்றார், பாமரரிடமும் கற்றார், ஓலைச்சுவடிகளைத் திரட்டினார். ஒரு சொல் எங்கே வழங்குகிறது, எந்த ஏட்டில் வருகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். மக்கள் வாயில் வழங்கிய பழமொழிகளில் ஆயிரத்தைத் தொகுத்து 1850-ல் அச்சிட்டார். 1847-ல் இரண்டு மலையாளப் பத்திரிகைகளை வெளியிட்டார். இலக்கணம் எழுதினார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1857-ல் மலபார், கன்னடப் பகுதிகளின் பள்ளி ஆய்வாளராக அரசாங்கம் அவரை நியமித்தது. பாலக்காடு அந்நாளில் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது; அடுத்த ஆண்டில் பாசெல் மிஷன் அங்கேயும் ஒரு நிலையம் திறந்தது.

1859-ல் உடல்நலம் குன்றி அவர் தாய்நாடு திரும்ப வேண்டியதாயிற்று. அகராதி முடியவில்லை. ஊழியக்களத்தை விட்டாயிற்று, இனி யாருக்காக என்று காகிதங்களைக் கட்டிவைத்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஜெர்மனியில் இருந்துகொண்டே, மலையாளம் பேசுவார் அருகில் இல்லாத ஊரில், வேலையைத் தொடர்ந்தார். மலையாள-ஆங்கில அகராதி மங்களூரில் அச்சாகி வெளிவந்தது 1872-ல். அவர் இந்தியாவை விட்டு 13 ஆண்டுகளுக்குப் பின்பு. இன்றும் மலையாள அறிஞர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

குண்டர்ட்டின் மேதைமை நமக்கு இல்லை என்று சொல்லி விலகிக்கொள்வது எளிது. மேதைமை அவருக்கு இருந்தது உண்மைதான். டூபிங்கனில் உயர்கல்வி பெற்றவர். ஆயினும் இங்கே நாம் காண வேண்டியது அதுவல்ல. தெரிந்தது போதும் என்கிற இடத்தில் அவர் திரும்பத் திரும்ப ஒரு சொல்லை, ஒரு பழமொழியை, ஓர் ஓலையைத் தேடிப் போனார். அதற்கு மேதைமை தேவையில்லை. கேட்பதற்கு வெட்கப்படாத மனம் இருந்தால் போதும். மொழியைக் கற்கிறவன் எவனுக்கும் முதலில் உடைவது அவனுடைய பெருமைதான். ஐந்து வயதுப் பிள்ளை அவனைத் திருத்தும். அந்தவிதத்தில் மொழிப்பயிற்சியும் ஒரு கவாத்தே.

பிறரைப் போகச் சொன்னவர்

நம் தமிழ்ச் சபைகளிலிருந்தே இன்னொருவர். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, இளமையிலேயே ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னாடெங்கும் பிரயாணம் செய்தவர். 1902-ல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையால் ஊழியரை அனுப்புவதைக் கண்டு உள்ளத்தில் குத்துண்டார். மறு ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கமும், 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் உருவாக முன்நின்றார். அகில இந்திய அளவில் மதிக்கப்பட்ட பதவி, நல்ல பேச்சாற்றல், ஆங்கிலத்தில் தேர்ச்சி. இவை எல்லாம் கைகூடியிருந்தன.

பிறரைப் போங்கள் என்று அழைத்துக்கொண்டிருந்தவர் 1909-ல் தாமே போனார். நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல்லுக்கு, ஏறக்குறைய 35 வயதில், தமக்குத் தாய்மொழியல்லாத தெலுங்கில் புதிதாய்ப் பேசக் கற்கும்படி! மேடையில் ஆயிரம் பேரை அசைத்தவர் கிராமத்துக் குடிசையில் வார்த்தைக்குத் தடுமாறும் நிலைக்குத் தம்மை உட்படுத்தினார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அந்த நாளை நாம் அடிக்கடி நினைவுகூருகிறோம். அதற்கு முந்தின மூன்று ஆண்டுகளையும் நினைவுகூர வேண்டும். தீமோத்தேயுவின் முன்னேற்றம் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று பவுல் எழுதுகிறார் (1 தீமோ. 4:15). முன்னேற்றம் தெரிய வேண்டுமானால் முதலில் நம் குறைவும் தெரிய நேரிடும். குறைவை மறைத்துக்கொண்டே வளர முடியாது.

அசரியா தம் பேராயத்தில் ஞானஸ்நானம் பெற்ற கிராமத்தாரைத் தலையில் கைவைத்துக்கொண்டு அறிக்கையிடச் சொல்வது வழக்கம்: தாம் ஞானஸ்நானம் பெற்றவர், சுவிசேஷத்தை அறிவிக்கும் கடன் தம்மேல் விழுந்திருக்கிறது (1 கொரி. 9:16). அப்படிச் சொன்னவர்களில் எழுத்தறியாத கூலித் தொழிலாளரே மிகுதி. வளர்ச்சி படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று அவர் எண்ணவில்லை.

நேரம் எங்கே?

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும்பும். விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பனியிலும் மழையிலும் சரிவில் நின்று கொழுந்து பறித்து, எடை போட்டு, மாலையில் விறகோடு லயத்துக்குத் திரும்புகிற சகோதரிக்கு, "திட்டமிட்டு வளருங்கள்" என்று சொல்வது எத்தகைய போதனை? நாட்குறிப்பேடு, மேசை, கதவு மூடிய தனியறை இவற்றை எல்லாம் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட பயிற்சிப் புத்தகங்கள் அவளுக்கு ஒரு பாரமே. ஆளுமை வளர்ச்சி என்ற பெயரில் நகரங்களில் நடக்கும் கருத்தரங்குகளின் அச்சை அப்படியே சபைக்குள் கொண்டுவந்து, இரண்டு வசனங்களை மேலே ஒட்டிவிடுகிற பழக்கம் நம்மிடம் பெருகிவிட்டது. அதில் மனிதன் தன்னைத் தானே உயர்த்துகிறான்; எவ்வளவு உயர்ந்தான் என்று தானே அளக்கிறான். கவாத்தில்லாத தேயிலை மரம் அது.

பேதுரு வேறுவிதமாய்த் தொடங்குகிறார். ஜீவனுக்கும் பக்திக்கும் வேண்டியதையெல்லாம் தேவன் தமது வல்லமையால் ஏற்கெனவே தந்துவிட்டார் (2 பேதுரு 1:3). இப்படி இருப்பதனாலேயே நீங்கள் முழுக் கருத்தோடு முயலுங்கள் என்று அதன்பின் சொல்கிறார் (1:5). விசுவாசத்தின்மேல் ஏழு காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கச் சொல்கிறார்: தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு. இந்த ஏழில் எதற்கும் தனியறை தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். இச்சையடக்கத்தைப் பழகும் இடம் சமையலறை. பொறுமையைப் பழகும் இடம் எடைபோடும் வரிசை. சகோதர சிநேகத்தைப் பழகுவதற்கு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லயத்து வீடுகளைவிடத் தகுந்த இடம் ஏது? கடைசியில் நிற்கிற இரண்டும் பிறரைச் சார்ந்தவை; தனியாக இருந்து அவற்றில் ஒருவரும் தேர்ச்சி பெற முடியாது.

எனினும், இடம் இருப்பதனால் மட்டும் வளர்ச்சி வந்துவிடாது. பேதுரு "சேருங்கள்" என்கிறார். "சேரும்" என்று சொல்லவில்லை. தேவனே வளரச் செய்கிறார் (1 கொரி. 3:6), ஆனாலும் பவுல் நட வேண்டியிருந்தது, அப்பொல்லோ நீர்ப்பாய்ச்ச வேண்டியிருந்தது. மாற்கு 4-ஆம் அதிகாரத்து விவசாயி விதை முளைக்கும் விதத்தை அறியாமல் தூங்கி எழுகிறான். ஆனால் விதைக்காமல் தூங்கவில்லை. பாலக்காட்டு வயல்களில் நாற்று நட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, ஒரு சமயத்தில் ஒரே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து அல்ல, ஒன்று. வேதவாசிப்பில் குறைவுள்ளவர் ஒரே புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள்; வாரத்துக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வாசித்தால் நான்கு மாதத்துக்குள் முடியும். வாசிக்கத் தெரியாதவர் 119-ஆம் சங்கீதத்தைக் கேட்டு மனனம் பண்ணலாம். அது எட்டெட்டு வசனங்களாக 22 பகுதிகளாய்ப் பிரிந்திருக்கிறது. எபிரெய மொழியில் ஒவ்வொரு பகுதியும் ஓர் எழுத்தில் தொடங்குவதே மனனத்துக்கு உதவியாகத்தான். பறிக்கும் கை பறித்துக்கொண்டிருக்க, வாய் அதைச் சொல்லலாம். பள்ளிக்குப் போகிற மகளிடம் எழுத்துக் கற்றுக்கொள்ளத் தீர்மானிக்கிற தாய்க்கு, அதுவே அந்த ஆண்டின் வளர்ச்சியாயிருக்கட்டும். நாவின் கோபத்தால் வீட்டை நடுங்க வைக்கிற குடும்பத் தலைவரோ, வேதபாட வகுப்பில் இன்னொரு சான்றிதழ் பெறுவதைத் தள்ளிவைத்து, அந்த ஒன்றை எடுத்துக்கொள்வாராக. தெரிந்ததைக் கூட்டுவதிலேயே காலம் கழித்து, மாற வேண்டியதைத் தொடாமல் விடுவது நம்மில் நீண்ட கால விசுவாசிகளுக்கே உரிய நோய்.

ஊழியரே, நீங்கள் தெரிந்துகொள்வது பெரும்பாலும் மொழியாகவே இருக்கும். உங்களைத் திருத்தும்படி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு மரியாதை செய்கிற விசுவாசியிடம் அல்ல, தேநீர்க் கடைக்காரரிடமோ பள்ளி மாணவனிடமோ. "சேட்டா, நான் இப்போது சொன்னது சரிதானா?" என்று நாளுக்கு ஒருமுறை கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை, கூச்சம் மட்டும் போகும். கேட்ட சொல்லை அன்றிரவே எழுதிவையுங்கள். குண்டர்ட்டின் அகராதியும் அப்படி ஒவ்வொரு சொல்லாகவே சேர்ந்தது.

தீர்மானத்துக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து, "அந்தக் காரியம் என்னவாயிற்று?" என்று கேட்க உரிமை பெற்ற ஒருவர். அவர் உங்கள் மேலதிகாரியாய் இருக்க வேண்டியதில்லை, இல்லாமலிருப்பதே நல்லது. மேலதிகாரிக்கு அறிக்கை எழுதும்போது நம் கை தானாகவே கூட்டி எழுதிவிடுகிறது. மனைவி கேட்டால் அப்படி எழுத முடியாது. தவறியிருந்தால், தவறினதைச் சொல்லி மறுபடி தொடங்கலாம். கவாத்து செய்த செடிகளிலும் ஒன்றிரண்டு பட்டுப்போவதுண்டு. தோட்டக்காரர் அந்த இடத்தில் புதுக்கன்று நடுவாரே ஒழிய, தோட்டத்தைக் கைவிடுவதில்லை.

பாலக்காடு, இடுக்கி பகுதிகளில் கூடுகிற ஜெபக்குழுக்கள் இம்மாதம் 2 பேதுரு 1:1-11 பகுதியைத் தமிழிலும் மலையாளத்திலும் அடுத்தடுத்து வாசிக்கலாம். ஏழு பண்புகளுக்கும் இரண்டு வேதாகமங்களிலும் என்னென்ன சொற்கள் வந்திருக்கின்றன என்று ஒப்பிட்டு, வேறுபடுகிற இடத்தில் அதன் பொருளை மலையாளம் பேசும் சகோதரர் விளக்கட்டும், தமிழர் கேட்கட்டும். அட்டப்பாடியிலும் முதுவர் குடிகளிலும் கூடுகிறவர்கள், அதே சொல்லைத் தங்கள் வீட்டுப் பேச்சில் எப்படிச் சொல்வார்கள் என்று அங்குள்ள பாட்டிமாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். மற்ற மாநிலங்களில் உள்ளவர்களும் அந்தந்த ஊர் மொழியில் இதைச் செய்யலாம். பின்பு ஒவ்வொருவரும் தாம் தெரிந்துகொண்ட ஒன்றைப் பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்லி, இருவர் இருவராய் ஜெபிக்க.